நெஞ்சுவலி என்று சொன்னோம்

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த அப்பா, இரண்டாவது வருஷம் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். ஆமத்தூரில் எங்கள் தெருவுக்கு நாங்கள் சொன்னது நெஞ்சுவலி.

"யாரு கேட்டாலும் நெஞ்சுவலின்னு மட்டும் சொல்லு. வேற எதுக்காச்சும் வாயத் தொறந்த, தோல உரிச்சுப்புடுவேன்" என்று அம்மா மிரட்டி வைத்திருந்தாள். நானும் லேசுப்பட்டவளா? பள்ளிக்கூடத்தில் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அம்மா அழவே இல்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் வலி எப்போது வந்தது, எந்தக் கையில் இழுத்தது என்று கதையைப் பிசகாமல் சொல்வதிலேயே கவனமாக இருந்தாள். அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் ஒரு வார்த்தை மாறினாலும் போதும், சாயங்காலத்துக்குள் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்துவிடும்.

இப்படி இறந்த பட்டாளத்துக்காரர்களின் குடும்பங்களைச் சூலக்கரையில் ஒரு கவுன்சிலிங் அம்மா உட்காரவைத்துப் பேசுகிறார் என்று அப்பாவின் சிநேகிதர் வந்து சொன்னார். விஷயம் தெரிந்த ஒரே வெளியாள் அவர்தான். தீபாவளி சீசன் நேரத்தில் லீவு லேசில் கிடைக்காது. எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அம்மா கம்பெனியில் இன்னொரு பொய்யையும் சொன்னாள்.

அங்கே நாலைந்து குடும்பங்கள் இருந்தன. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கவுன்சிலிங் அம்மா என்னைப் பார்த்து, "உன் பேரு என்ன பாப்பா?" என்றார்.

"நெஞ்சுவலி" என்றேன்.

அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். எதிரே இருந்த ஓர் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடியாத்தி! எங்க வீட்லயும் அதத்தான் சொல்லி வச்சிருக்கோம்" என்றாள்.

"நாங்களும்தான் தாயி" என்றார், மகனைப் பறிகொடுத்த ஒரு பெரியவர்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே மடங்கி ஓவென்று அழுதாள். "நெஞ்சுவலி இல்லம்மா. அவுகளாத்தான் போயிட்டாக. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

"அழுங்கம்மா. இங்க யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாக" என்றார் கவுன்சிலிங் அம்மா. எதிரே இருந்த அக்கா எழுந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் விருதுநகரில் பரோட்டா சாப்பிட்டோம். அம்மா இரண்டாவது தடவை சால்னா கேட்டு வாங்கினாள். பஸ்ஸில் என்மேல் சாய்ந்து குறட்டை விட்டுத் தூங்கினாள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஒரே நாளில் அப்பாவை மறந்துவிட்டாளே என்று ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அந்தப் பொய்யைக் காவல் காத்தே அவள் களைத்துப்போயிருந்தாள் என்பதும், அன்றைக்குத்தான் அப்பாவை நினைத்து அழ அவளுக்கு வழி கிடைத்தது என்பதும் எனக்கு எங்கே தெரியும்?