டொக்டர் சொன்ன சொல்

இன்று காலை வானொலியில் யாரோ 'கிரேவ்' என்றார். உடனே எனக்கு ஸ்பிரிட் மணந்தது.

தொண்ணூறுகளில், ரொறன்ரோ ஆஸ்பத்திரி ஒன்றில், அப்பாவின் நிலை கவலைக்கிடம் என்பதை டொக்டர் அந்தச் சொல்லால்தான் சொன்னார். அம்மாவுக்குத் தெரிந்த 'கிரேவ்' சவக்குழி மட்டும்தான்.

"உவன் இப்பவே குழி வெட்டிப்போட்டான். நாங்கள் எரிக்கிற ஆக்கள் எண்டு சொல்லு பிள்ளை!"

அம்மா அப்பாவின் கட்டிலடியை விட்டு அசையவில்லை. டொக்டரின் சப்பாத்தில் மண் ஒட்டியிருக்கிறதா என்று நானும் பார்த்தேன். அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்தபிறகும் அம்மாவின் சந்தேகம் போகவில்லை.

இன்று அகராதியைப் புரட்டினேன். டொக்டர் சொன்ன சொல்லுக்கும் குழிக்கும் சம்பந்தமில்லையாம். பாரம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம், எங்களுடைய 'பாரதூரம்' போல. அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"பாரமோ? அப்ப தூக்கிறதுக்கும் ஆள் பாத்திட்டான்!"