சொந்தக் குடியிருப்புக்காக ஒரு வீடு

வருமான வரி ஆலோசகனைத் தேடி யாரும் சந்தோஷமாக வருவதில்லை. அந்த விஷயத்தில் நாங்களும் பல் டாக்டரும் ஒரே ஜாதி. என் போர்டு தொங்கியது போளூரில் என்றாலும், சந்தை நாளில் நான் மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூருக்கு பஸ் ஏறிவிடுவேன். புளி, சாமை, கடுக்காய் வாங்குகிற வியாபாரிகள் எல்லாரும் அன்றைக்கு அங்கேதான் இருப்பார்கள். டீக்கடையின் பின்பெஞ்சுதான் என் மலை ஆபீஸ்.

எழுபதுகளின் கடைசியில் எல்லாரையும் பிடித்து ஆட்டிய கேள்வி ஒன்றுதான்: வீட்டை விற்றால் கிடைக்கிற லாபத்துக்கும் வரியா? ஆமாம், வரிதான். ஆனால் தான் குடியிருந்த வீட்டை விற்றவர், ஒரு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ, இரண்டு வருடத்துக்குள் கட்டினாலோ, அந்த வரியைத் தள்ளிப்போடலாம். புது வீடு சொந்தக் குடியிருப்புக்காக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு, வரி கட்டி நொந்த உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

தேன்காரரின் நியாயம்

அமிர்திப் பக்கம் தேன் வாங்கி விற்கும் ஒருவர், வேலூரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு என்னிடம் வந்தார். அரை மணி நேரம் சட்டத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். டீ சொன்னார். பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

"வூட்டை வித்தா வூட்டைத்தான் வாங்கணுமா சார்? அந்தக் காசுல பொண்ணு கல்யாணத்தை முடிச்சுட்டா ஒத்துக்க மாட்டாங்களா? அதுவும் ஒரு வூடுதான இன்னா?"

கோதண்டன் குடியிருந்த லட்சணம்

கோதண்டன் போளூரில் மளிகைக்கடை வைத்திருந்தார். தனிக்குடித்தனம் இருந்த தம்பி கடையில் ஒத்தாசை. பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் நல்ல விலை கொடுத்ததால் கடைவீதியில் இருந்த தன் வீட்டை விற்றிருந்தார். அம்மா காலமான பிறகு அந்த வீட்டில் அவர் ஒருத்தர்தான். மனைவி சுலோசனா ஜமுனாமரத்தூர் உண்டு உறைவிடப் பள்ளியில் டீச்சர். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் மேலே, இவர் கீழே. சனிக்கிழமை சாயந்திரம் இவர் மலை ஏறுவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கிவிடுவார். டீச்சர் வருடா வருடம் ஜூன் மாத மாறுதலுக்கு எழுதிப் போடுவார். பதிலுக்கு மலைக்கு ஒரு டீச்சர் வந்தால் விடுவிக்கிறோம் என்று பதில் வரும். மலைக்கு யார் வருவார்கள்?

விற்ற வீட்டில் நீங்கள் குடியிருந்தீர்களா என்று சட்டம் கேட்கிறது, என்ன எழுதட்டும் என்றேன். கோதண்டன் என் பேனாவைக் கைகாட்டினார்.

"ராத்திரி படுத்தேன், காலையில எழுந்து கடைக்குப் போனேன். அதுக்குப் பேரு குடியிருக்கிறதுன்னா எழுதிக்குங்க சார்."

ஜூன் மாதம்

புது வீட்டை எங்கே கட்டுவது என்பதில் ஒரு வருடம் ஓடிவிட்டது. போளூரில் கட்ட வேண்டும், மாறுதல் கிடைத்ததும் டீச்சர் நேராக அந்த வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது கோதண்டனின் கணக்கு. மனை பார்ப்பார், முன்பணம் கொடுக்கப் போவார், மாறுதல் வரட்டும் என்று திரும்பிவிடுவார். சட்டம் யாருக்காகவும் காத்திருக்காது என்று நான் தொண்டை வறளக் கத்தினேன். மனுஷன் அசையவில்லை.

"வர்ற ஜூன்ல கண்டிப்பா வந்துடும் சார். போன ஜூன்லயே வந்திருக்கணும்."

திங்கட்கிழமை பஸ்

ஒரு முறை மலையில் தங்கவேண்டியதாகி, மறுநாள் முதல் பஸ்ஸில் கோதண்டனோடு இறங்கினேன். பனி இன்னும் விலகவில்லை. டீச்சர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் பேசியதெல்லாம் மண்ணெண்ணெய், அரிசி, தலைவலி மாத்திரை. அதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்தப் பேச்சை முடிக்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. தினமும் என் மனைவியோடு ஒரே கூரையின் கீழ் சாப்பிடுகிற எனக்கு, அந்த மண்ணெண்ணெய்ப் பேச்சைக் கேட்டுப் பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

டிரைவர் என்ஜினை முடுக்கி வெகு நேரமாயிற்று. பஸ் கிளம்பவில்லை. நான் கடியாரத்தைப் பார்த்துக்கொண்டு கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு, படியிலிருந்து வெளியே தலையை நீட்டிக் கேட்டார்.

"டீச்சர், ரைட் சொல்லிடட்டுங்களா?"

சென்னியம்மாவின் பலா

அந்த ஜூனும் போயிற்று. கோதண்டன் கடைசியில் இறங்கி வந்தார், அதாவது மலை ஏறினார். ஜமுனாமரத்தூர் கடைத்தெருவுக்குப் பின்னால், ஊரைவிட்டுப் போகிற ஒரு வியாபாரியிடம் சின்ன மனை வாங்கினார். பத்திரத்தை நானே இரண்டு முறை படித்தேன். நடு மனையில் பெரிய பலாமரம் ஒன்று நின்றது. நிலத்தோடு மரமும் சேர்ந்ததுதானே என்று இருவரும் நினைத்துக்கொண்டோம்.

மேஸ்திரி கயிறு பிடித்த அன்றைக்கு, மலைக்கார அம்மாள் ஒருத்தி வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். பெயர் சென்னியம்மா. கல்யாணத்தில் அவள் அப்பா அந்த மரத்தைத்தான் அவளுக்குக் கொடுத்தாராம். அதற்கப்புறம் நிலம் எத்தனையோ கை மாறியது, மரம் மாறவில்லை. மலையில் அது வழக்கம்; கீழேயிருந்து வந்த எங்களுக்கு அது எங்கே தெரியும்? கோதண்டன் விலை கேட்டார். மரத்தை விற்கிற பேச்சே இல்லை என்றாள். வெட்டவும் முடியாது, அதை விட்டு ஒதுங்கவும் மனையில் இடமில்லை. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில், மரத்தை முற்றத்தில் விட்டு, இந்தப் பக்கம் சமையலறை, அந்தப் பக்கம் அறை என்று சுற்றிக் கட்டுவது என முடிவானது. சென்னியம்மாவும் சரி என்றாள். போகும்போது கோதண்டனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வூடு உங்களுது, மரம் என்துங்க. பழம் பறிக்க வந்தா கதவைத் தொறந்து வுடுங்க, போதும். தொறக்க ஆளு இருப்பீங்க இல்ல?"

வேலூர் ஆபீசில்

கெடுவுக்குள் வீடு முடிந்தது. ஆனால் வேலூரிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. கடை போளூரில், வீடு மலைமேல். அது எப்படிச் சொந்தக் குடியிருப்பு ஆகும் என்று ஆபீசர் கேட்டிருந்தார். "நான்தான் குடியிருக்கப் போறேன்னு மட்டும் சொல்லுங்க, வேற வாயைத் திறக்காதீங்க" என்று பஸ்ஸில் வழி முழுக்க கோதண்டனுக்குப் பாடம் நடத்தினேன்.

அங்கே யார் குடியிருப்பார்கள் என்று ஆபீசர் கேட்டதும் நம் ஆள், "சம்சாரம் இருக்குது சார். நான் சனிக்கிழமை போவேன், திங்கட்கிழமை வந்துடுவேன்" என்று ஒப்பித்துவிட்டார். ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குடும்பம் தஞ்சாவூரில் இருக்கிறது, இவர் வேலூரில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறார் என்பது ஆபீஸ் முழுக்கத் தெரிந்த செய்தி. கோபமாகத்தான் பேசப்போகிறார் என்று நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை.

"திங்கட்கிழமை வர்றதுதான்யா தப்பு. ரேஷன் கார்டுல உம்ம பேரை அந்த ஊருக்கு மாத்திட்டு வந்து காட்டும், பார்க்கலாம்."

டீச்சரின் அதிகாரம்

அடுத்த சந்தையன்று டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். அங்கே யார் குடியிருப்பார்கள் என்று ஆபீசர் கேட்டதையும், பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வரி விழும் என்பதையும் சொன்னேன். டீச்சர் பயப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அந்தக் கேள்வியை கல்யாணம் ஆனதுலருந்து நான் கேட்டுட்டு இருக்கேன் சார். எனக்கு நோட்டீஸ் அனுப்பற அதிகாரம் இல்ல, அவ்ளோதான்."

மூன்று வருடம்

ரேஷன் கார்டில் பெயர் மாறியது. ஆபீசரும் சொன்ன சொல் தவறவில்லை. வரி தள்ளிப்போனது. ஆனால் கார்டு மலை ஏறியதே தவிர, கார்டுக்காரர் இன்னும் போளூரில்தான் இருந்தார். புது வீட்டில் சாப்பிட வேண்டும் என்று, ஒரு வாரம் சனிக்கிழமை போகாமல் ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துப் போனார். பஸ்ஸில் கேட்டார், மூன்று வருடம் நான் அங்கேயே இருக்கணும்னு சட்டமா என்று. "இல்லைங்க. மூணு வருஷத்துக்கு வீட்டை விக்கக்கூடாது, வித்தா பழைய வரி திரும்பி வந்துடும். மற்றபடி யாரும் வந்து உங்களை எட்டிப் பார்க்கப் போறதில்லை" என்றேன். "அப்படியா" என்றவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முற்றத்தில் பலாமரம் நிழல் விரித்திருந்தது. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். டீச்சர் பரிமாறிக்கொண்டே, ஏதோ உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி, "ஏன் சார், மூணு வருஷமும் இவர் இங்கியே இருக்கணும்னு சட்டத்துல இருக்குதா?" என்றார். கரண்டி மட்டும் அந்தரத்தில் நின்றது. கோதண்டனைப் பார்த்தேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை: "இருக்கும்மா. ஒரு நாள்கூட நகரக்கூடாது. நகர்ந்தா வரி பூராவும் கட்டணும்." கோதண்டன் நிமிர்ந்தார். நான் பஸ்ஸில் சொன்னது அவருக்கு மறந்திருக்க வழியே இல்லை. என்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லி இலையைத் தள்ளினார்.

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். கடையைத் தம்பி பாத்துக்கட்டும்."

என் தொழில் வாழ்க்கையில் தெரிந்தே சட்டத்தைத் தப்பாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான். கட்சிக்காரர் ஒருவர் எதிர்க்கேள்வி கேட்காமல் என் பேச்சை ஒத்துக்கொண்டதும் அந்த ஒரு தடவைதான்.