முன் சீட்டுக்கு ஓர் ஆள்

சோழவந்தான் கொடிக்கால்களில் வெற்றிலை எடுத்து சிம்மக்கல் மொத்தக் கடைகளுக்குப் போடுவது என் தொழில். புத்தியுள்ளவன் இதற்கு ஒரு சின்ன வேன் வாங்கியிருப்பான். நான் வைத்திருந்தது பின் சக்கரம் இழுக்கிற, நீளமான பழைய கார். பின் சீட்டைக் கழற்றிவிட்டு அங்கேயும் டிக்கியிலும் கூடைகளை அடுக்கினால் ஒரு நாள் சரக்கு அடங்கிவிடும். இலை வாடாமல் இருக்க மேலே ஈரச் சாக்கைப் போட்டு, அதன்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவோம். உன் வண்டியில் பாதி வெற்றிலை, பாதி வைகை என்று கொடிக்காலில் கேலி செய்வார்கள்.

முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் ஒழுக ஆரம்பித்தபோது, என்னோடு பள்ளியில் படித்த மெக்கானிக்கிடம் போனேன். அவன் பட்டறை மூலையில் ஒரு ஜோடி பளபளவென்று கிடந்தது. கோயம்புத்தூரில் யாரோ, நேர்கோட்டில் மட்டும் சீறி ஓடுகிற டிராக் ரேஸில் ஓட்டிய காரிலிருந்து கழற்றியதாம். கூடவே அதற்கான உயரமான ஸ்பிரிங்குகளும் இருந்தன.

"இது நேரா ஓடி முடிக்கிற வண்டிக்கு, மாப்ள" என்றான். "கிளம்புன உடனே மூக்கத் தூக்கும். வெயிட்டு பூரா பின்னாடி போயிரும். தூக்குனது சட்டுன்னு இறங்காது. வளைவுல இத நம்பாத."

நான் 'மூக்கத் தூக்கும்' என்பதை மட்டும் காதில் வாங்கினேன். நாற்பது வயதில் இப்படி ஒரு ஆசை வருமா என்று கேட்டால், எனக்கு வந்தது. மறுநாளே மாட்டிக்கொண்டேன். சிக்னலில் பச்சை விழுந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் முன்பக்கம் எழும்பும். பக்கத்தில் பைக்கில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தச் சுகத்துக்காகவே தேவையில்லாமல் சிக்னலில் நின்றிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. பாரத்தைப் பின்னால் தள்ளுவதற்கென்றே செய்த சாமானை முன்னால் மாட்டிவிட்டு, பின்னால் தண்ணீர் சொட்டச் சொட்ட வெற்றிலையை ஏற்றிக்கொண்டிருந்தேன். தேனூர் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது மூக்கு எழும்பியது, இறங்கவில்லை. முன் சக்கரங்களுக்குப் பிடிப்பில்லாமல் ஸ்டியரிங் என் கையில் வெறுமனே சுற்றியது. வண்டி தானாக எதிர்ப்பக்கம் போய்த் திரும்பியது. நல்லவேளை, எதிரே யாரும் வரவில்லை. ஓரமாக நிறுத்தி மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"பழையபடி சாதாச் சாமானையே மாட்டிருவோம், வா."

"வேற வழி சொல்லுடா."

"அப்ப முன்னாடி சீட்டுல ஒரு ஆள ஏத்திக்க. கொஞ்சம் அடங்கும்" என்றான் எரிச்சலோடு. அவன் அதை யோசனையாகச் சொல்லவில்லை. நான்தான் யோசனையாக எடுத்துக்கொண்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், "நாளைலருந்து காலைல நீயும் வாரியா?" என்று கேட்டேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். விசேஷத்துக்கும் துக்கத்துக்கும் தவிர அந்தக் காரில் அவள் ஏறியதில்லை. வீட்டில் தையல் மிஷினோடு அவள் பொழுது போய்க்கொண்டிருந்தது. என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "நெசமாவா?" என்றாள்.

மறுநாள் விளாங்குடி வீட்டு வாசலில் எனக்கு முன்பே தயாராக நின்றாள். கையில் ஒரு பிளாஸ்க். கொடிக்காலில் கூடை ஏற்றும்வரை வரப்பில் உட்கார்ந்து பெண்களோடு பேசினாள். திரும்பும்போது எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். தன் அம்மாவைப் பற்றி, தைக்க வருகிறவர்களின் சண்டைகளைப் பற்றி, எனக்குத் தெரியாத எத்தனையோ சொல்லிக்கொண்டு வந்தாள். நான் அவள் பேச்சைக் கேட்டேனா, ஸ்டியரிங்கின் கனத்தைக் கவனித்தேனா என்றால், இரண்டாவதுதான். அவள் இருந்தால் வண்டி அடங்குவதாக எனக்குத் தோன்றியது.

சிம்மக்கல் போகிற வழியில்தான் எங்கள் வீடு. ஒருநாள் அவள், "நான் இங்கனயே இறங்கிக்கிறேங்க, தைக்கிற வேலை கெடக்கு" என்றாள். நான் விடவில்லை. பின்னால் பாரம் இருந்ததே. சிம்மக்கல்வரை கூட்டிப்போய், சரக்கை இறக்கிய பிறகு டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அன்று மதியம் தன் தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இப்பல்லாம் என்னைய இறங்கவே விட மாட்டேங்கறாருடி." அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். அப்போதாவது சாதாச் சாமானை மாட்டியிருக்கலாம். சிக்னலில் திரும்பிப் பார்க்கிற கண்களை விட மனம் வரவில்லை. இதற்கு வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

மழை பெய்த ஒரு காலை. சாக்குகள் ஏற்கெனவே ஊறிக் கிடந்தன, பழக்கதோஷத்தில் அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றினார்கள். நானும் தடுக்கவில்லை. அதே வேகத்தடை, அதே இடம். மூக்கு எழும்பியது. இந்த முறை எதிரே பஸ். நான் ஸ்டியரிங்கை ஒடித்த ஒடிப்புக்கு ஒன்றும் நடக்கவில்லை, பிறகு எல்லாம் ஒரேயடியாக நடந்தது. வண்டி இடப்பக்கம் பாய்ந்து வாய்க்கால் கரையில் சாய்ந்து நின்றது. பிளாஸ்க்கைப் பிடித்திருந்த அவள் கை டாஷ்போர்டில் மோதி மணிக்கட்டு உடைந்துவிட்டது. அவள் கத்தவில்லை. "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று என்னைக் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது மெக்கானிக் ஓடிவந்தான். வந்த பதற்றத்தில் அவள் பக்கத்தில் நின்றே என்னைத் திட்டினான். "முன்னாடி ஆள் இருந்துமாடா தூக்கிருச்சு? அன்னைக்கே சாதாச் சாமான மாட்டுவோம்னேனே. ஆள ஏத்திக்கன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னா, அதையேவா புடிச்சுக்குவ?"

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. வீட்டுக்கு ஆட்டோவில் வரும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"முன்னாடி எம்புட்டுக் கனம் வேணுமாம்?"

நான் ஆட்டோக்காரருக்கு வழி சொல்ல ஆரம்பித்தேன். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் எப்போதும்போல இருந்தாள். ஒற்றைக் கையால் சோறு போட்டாள்.

ரேஸ் சாமான்களைக் கழற்றிப் பட்டறையிலேயே போட்டுவிட்டு, அந்தக் காருக்கென்று விற்கிற சாதாரண ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் மாட்டினேன். இப்போது பாதிக் கூடைதான் ஏற்றுகிறேன், இரண்டு நடையாகப் போகிறேன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெறும் சீட்டைப் பார்க்க என்னால்தான் முடியவில்லை. அவள் சொன்ன கதைகளை நினைவுபடுத்திப் பார்க்கிறேன், பாதிக்கு மேல் வரவில்லை.

கட்டுப் பிரித்த மறுவாரம், புதிதாக ஒரு பிளாஸ்க் வாங்கிக்கொண்டு போய், "காலைல வாரியா?" என்று கேட்டேன்.

அவள் தையல் மிஷினை நிறுத்தினாள். "வண்டி இப்ப நல்லாத்தான ஓடுது?"

"நல்லா ஓடுது."

"அப்புறம் நான் எதுக்குங்க?"

குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் பிளாஸ்க்கை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.