ஐயாவின்ர கைராசி

ஐம்பதுகளின்ர கடைசியிலை, ஓமந்தைக்கு அங்காலை குளத்துக்குக் கீழே எங்களுக்கு வயற்காணி கிடைச்சுது. அண்டைக்குத் தொடக்கம் மாரிமழையோடை விதைக்கிற காலபோகத்து நாள்விதைப்பெண்டால் சனம் ஐயாவைத்தான் கூப்பிடும். நல்ல நாள் பாத்து முதல் பிடி நெல்லை அவர் வீசினால் வயல் விளையும் எண்டொரு நம்பிக்கை. யாழ்ப்பாணத்திலையிருந்து காட்டுக்குள்ளை வந்து குடியேறின சனத்துக்கு ஏதாவது ஒண்டை நம்பத்தானே வேணும்.

பிறகு அந்தக் கை நடுங்கத் தொடங்கிச்சுது. நடுக்குவாதம், மாறாது, கூடிக்கொண்டுதான் போகும் எண்டார் பரியாரியார். முதல் வருசம் தேத்தண்ணி சிந்திச்சுது. அடுத்த வருசம் சட்டைப் பொத்தானை நான் பூட்டிவிட்டன். மூண்டாம் வருசம் அம்மா சோறு தீத்தினா. அவா அழுது நான் காணேல்லை. எனக்குத்தான் கோவம், ஆரிலை எண்டு தெரியாத கோவம். விடியத் தொடக்கம் பொழுதுபடுமட்டும் சட்டிபானையோடை சண்டை.

அந்த வருசமும் எங்களுக்கு அடுத்த காணிக்காரர் வந்து, "வாங்கோ அண்ணை, நீங்கள்தான் தொடங்கவேணும்" எண்டு கூட்டிக்கொண்டு போனார். ஐயாவின்ர முகத்திலை எவ்வளவு சந்தோசம்! பிறகுதான் தெரியவந்தது, அம்மா முதல்நாள் அவரிட்டைப் போய்க் கெஞ்சியிருக்கிறா. குசினிக்குள்ளை வைச்சு அவாவைப் பிடிச்சன்.

"பிச்சையெடுக்கிறியளோ? மானம் ரோசம் இல்லையோ?"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டு, "அவருக்கு அது ஒண்டுதானே பிள்ளை மிச்சம்" எண்டா. அடுத்த வருசம் எனக்குப் பயந்து அவா போகேல்லை.

ஆரும் வரேல்லை. ஐயா தோய்ச்ச வேட்டியோடை, வாசல் படலையைப் பாத்தபடி கதிரையிலை இருந்தார். ஒரு நல்ல நாள் போச்சு. ரண்டாவதும் போச்சு. கதையே குறைஞ்சுபோன மனுசன், "இந்த முறை மழை பிந்திப்போச்சோ?" எண்டு கேட்டார். மழை பெஞ்சு ஊரெல்லாம் உழவு முடிஞ்சுது. பாழ்பட்ட என்ர வாயாலை வந்த வினை.

நானே போனன். அடுத்த காணிக்காரருக்கு முன்னாலை நிண்டு, ஐயாவைக் கூப்பிடுங்கோ எண்டு அழுதன். "கூப்பிட்டால் அவருக்கு மனம் நோகும் எண்டெல்லோ பேசாமல் இருந்தனான்" எண்டவர், அடுத்த நாளே வண்டிலைக் கொண்டுவந்தார்.

வரம்பிலை ஐயாவைத் தாங்கிப் பிடிச்சு, கையிலை ஒரு பிடி நெல்லு வைச்சன். மூடின கை திறக்கேல்லை. விறைச்சுப்போச்சு. முகம் வேர்த்து ஊத்துது, விரல் அசையேல்லை. கடைசியிலை நான்தான் ஒவ்வொரு விரலாய் நிமித்திவிட்டன். நெல்லு அவற்ர காலடியிலை கொட்டுண்டுது.

"பரவாயில்லை அண்ணை, விதைச்சாச்சு" எண்டார் காணிக்காரர், வேறை எங்கையோ பாத்துக்கொண்டு.

வண்டிலிலை திரும்பி வரேக்கை ஐயா மெல்லமாய்ச் சொன்னார்:

"போன வருசம் அம்மா போய்க் கேட்டவா. இந்த முறை நீ. இனி ஆரிட்டையும் போய்க் கேக்காதை, பிள்ளை. இவ்வளவும் காணும்."