பெருக்கி வைத்த பத்தனை

தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் தடியால் பந்தடிக்க ஒரு மைதானம் வேண்டும் என்று பேச்சு வந்தபோது எனக்கு அதில் ஒரு அக்கறையும் இல்லை. நுவரெலியாவில் அவர்களுக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது. அக்கரப்பத்தனையிலிருந்து அங்கே போய்வருவது அலுப்பாம். அந்த வருஷங்களில் என் அலுப்பைக் கேட்க யாரும் இருக்கவில்லை, அதனால் அவர்களுடைய அலுப்பைப் பற்றி நானும் யோசிக்கவில்லை. மைதானம் எங்கே வரப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில், பெரிய புல்மேடு ஒன்று இருந்தது. பத்தனை என்போம். அது அரசாங்க நிலம். தோட்டத்துக்கும் சொந்தமில்லை, எங்களுக்கும் சொந்தமில்லை. ஆனால் லயத்து மாடுகள் எல்லாம் அங்கேதான் மேய்ந்தன. மேய்க்கக் கூடாது என்று எந்தத் துரையும் சொன்னதில்லை. மேய்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னதில்லை.

தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த காலம் அது. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் இழுப்பு. முதலில் நிறுத்தப்பட்டவர்களில் அவரும் ஒருவர். நானோ விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடுவார்கள் என்று நின்றுவிட்டு, பாதி நாட்கள் வேலையில்லாமல் திரும்பி வந்துகொண்டிருந்தேன். வேலையில்லாதவர்கள் பேர் கொடுத்தால் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் பிறந்தது இந்த மலையில். இந்தியாவில் என்னைத் தெரிந்த நாய்கூடக் கிடையாது. எங்களை இங்கே பிடித்து வைத்திருந்தது ஒரு செவலைப் பசு. அதன் பாலைக் கடைவீதியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு ஊற்றித்தான் அடுப்பு எரிந்தது. பசு போனால் நாங்களும் போகவேண்டியதுதான்.

தோட்டத்து ஆபீசில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் இருந்தார். எங்களோடு அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் நான் பால் ஊற்றிவிட்டு வரும் வழியில் நின்று, என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"அந்தப் பத்தனையைத் துரைமார் குத்தகைக்குக் கேட்டிருக்கினம். ஏஜண்டுத் துரை வந்து பாத்துப்போட்டுத்தான் குடுக்கிறதோ இல்லையோ எண்டு சொல்லுவார். அவர் அரசாங்கத்தின்ரை ஆள். ஆராவது அந்த நிலத்தைப் பாவிக்கினமோ எண்டு கேப்பார். மாடு மேய்க்கிறம் எண்டு சொல்லுங்கோ. பயப்பிடாதேங்கோ."

நான் ஓட்டமும் நடையுமாகப் போய் லயத்தில் சொன்னேன். எல்லாரும் எங்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி வீட்டு வாசலில் கூடினோம். அவருக்கும் அந்தப் பத்தனையில் மாடு மேய்ந்தது, அதனால் அக்கறையாகத்தான் யோசித்தார்.

"ஏஜண்டு தொரைன்னா நம்ம தொரைக்கே தொரை. வந்து பாக்குறப்ப அவரு மனசு குளிரணும். குளிர்ந்தாத்தான் நாம கேக்குறதக் குடுப்பாரு" என்றார்.

எங்கள் எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. துரை லயத்துப் பக்கம் வருகிறார் என்றால் நாங்கள் செய்கிற காரியம் ஒன்றுதான். சாக்கடைக் கானைக் கழுவுவோம், சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவோம், பிள்ளைகளின் மூக்கைத் துடைப்போம், கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிவதையெல்லாம் கொண்டுபோய் மறைப்போம். பத்தனைக்கும் அதையேதான் செய்தோம்.

காய்ந்த சாணியைக் கூடையில் அள்ளினோம். குளம்பு பதிந்த சேற்றுக்குழிகளை மண் போட்டு மட்டமாக்கினோம். மாடு கட்டும் முளைக்குச்சிகளைப் பிடுங்கினோம். மழைக்கு ஒதுங்கப் போட்டிருந்த தகரக் கொட்டகையைப் பிரித்து எடுத்தார்கள். எல்லாரையும்விட நான்தான் முதுகொடியப் பெருக்கினேன், பத்தனை போனால் அதிகம் போகப்போவது எனக்கு. மாடுகளை லயத்துக்குப் பின்னால் ஓடைக்குள் கொண்டுபோய்க் கட்டி, கத்தாமல் இருக்க முன்னால் புல்லையும் போட்டுவிட்டு வந்தோம். பத்தனைக்குப் போகும் பாதையில் தோரணம் கட்டினோம். கையில் ஒட்டிய சாணியோடு நான் வந்து உட்கார்ந்தபோது, "என்னா புள்ள, கல்யாண வீடா?" என்று என் வீட்டுக்காரர் இழுப்புக்கு நடுவே கேட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவ்வளவு நம்பிக்கை.

ஏஜண்டுத் துரை காரில் வந்து இறங்கி, எங்கள் துரையோடு மேலே ஏறி வந்தார். பனி விலகிப் பத்தனை பச்சையாகக் கிடந்தது. கையிலிருந்த தடியால் அங்கங்கே மண்ணைக் குத்திப் பார்த்தார். நடந்தார், நின்றார், சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கிளாக்கரிடம் ஏதோ கேட்டார். கிளாக்கர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"இந்த நிலத்தை நீங்கள் எதுக்காவது பாவிக்கிறனீங்களோ எண்டு துரை கேக்கிறார்."

சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று அவர் கண் எங்களைத் தள்ளியது. கங்காணி இருக்கும்போது மற்றவர்கள் வாய் திறக்கிற வழக்கம் இல்லை. அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்து, குனிந்து கும்பிட்டார்.

"எங்களுக்கு ஏதுங்க நெலம். எல்லாம் தொரைங்களோடதுங்க."

எடுத்த எடுப்பில் கையை நீட்டுவது எங்களுக்கு மரியாதை இல்லை. முதலில் எல்லாம் உங்களுடையது என்று சொல்லவேண்டும். கேட்கிறவர், சரி, உனக்கு என்ன வேண்டும் என்பார். அதன்பிறகுதான் மாட்டைப் பற்றியும் புல்லைப் பற்றியும் எடுக்கலாம். கங்காணி எங்கள் துரையிடம் எது கேட்டாலும் அப்படித்தான் ஆரம்பிப்பார். இப்போதும் அந்த அடுத்த கேள்விக்காகக் குனிந்தபடியே காத்திருந்தார். கிளாக்கரும் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார். கங்காணி வாயிலிருந்து மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை. கிளாக்கர் அவர் சொன்னதை மட்டும் இங்கிலீஷில் சொன்னார். ஏஜண்டுத் துரை தலையை ஆட்டிவிட்டுக் கீழே இறங்கினார். தோரணத்தைப் பார்த்துப் புன்னகை செய்ததாக ஞாபகம். கார் போன பிறகும் கங்காணி தலைப்பாகையைக் கட்டவில்லை.

"ஒருத்தரும் பாவிக்காத நிலம் எண்டு எழுதிப்போட்டுப் போயிட்டார். துரைமாருக்குக் குடுத்தாச்சு" என்று பிறகு கிளாக்கர் என்னிடம் சொன்னார். "ஒரு சாணியாவது கிடந்திருக்கக் கூடாதோ? நான் என்னத்தைக் காட்டிறது?" அவருக்கும் கோபம்தான். எனக்குக் கங்காணி மேல் கோபம், விளக்குமாற்றின் மேல் கோபம், மரியாதை என்று ஒன்றைக் கண்டுபிடித்தவன் மேல் கோபம். ஆனால் கோபப்பட்டுக்கொண்டே இருக்கவும் தெம்பு வேண்டும். அது என்னிடம் இல்லை.

பத்தனைக்கு முள்வேலி போட்டார்கள். தேயிலைக்குள் மாடு புகுந்தால், மலையைக் கண்காணிக்கிற கண்டாக்கையா சும்மா விடமாட்டார். கட்டிப்போட்டு எத்தனை நாளைக்குக் காப்பாற்றுவது? எலும்பு தெரியத் தொடங்கியதும் கினிகத்தேனையிலிருந்து வந்த வியாபாரி ஒருவரிடம் பசுவைக் கொடுத்துவிட்டோம். என் வீட்டுக்காரர் வெளியே வரவில்லை. கயிற்றை நான்தான் வியாபாரி கையில் கொடுத்தேன். பசு வழக்கம்போல மேலே பத்தனைப் பக்கமே திரும்பியது. அவர் கீழே இழுத்துக்கொண்டு போனார்.

கப்பலுக்குப் பேர் கொடுக்க நாங்கள் தயாராகிக்கொண்டிருந்தபோது கங்காணி வந்தார். முகத்தில் ஒரு சந்தோஷம்.

"அன்னைக்குப் பாத்துட்டு, இம்புட்டுச் சுத்தமா இருக்கேன்னு ஏஜண்டு தொரை சொன்னாராம். பெருக்குனவங்களையே மைதானத்துல வேலைக்கு வைக்கச் சொல்லிட்டாரு நம்ம தொரை. புல்லு வெட்டுற வேல. ஒம் பேரையும் குடுத்திருக்கேன், புள்ள. நீங்க எங்கயும் போக வேணாம்."

அப்படித்தான் நாங்கள் இந்த மலையில் தங்கினோம். முதல் நாள் அரிவாளோடு போய் நாள் முழுக்கக் குனிந்து வெட்டினேன். மாசி வெயிலிலும் ஈரம் காயாத இளம்புல். சாயங்காலம் வெட்டியதைச் சேர்த்துக் கட்டினேன். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு லயத்துக்கு வந்துவிட்டேன். வாசலில் புல்லுக்கட்டை இறக்கும்வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் பார்த்தார்.

"யாருக்கு, புள்ள?" என்றார்.

நான் கட்டை மறுபடியும் தூக்கிக்கொண்டுபோய் ஓடையில் கொட்டிவிட்டு வந்தேன்.