இரண்டாவது போர்வை

குழந்தைப் போர்வைகளில் பெயர் தைத்துக் கொடுப்பது என் மனைவியின் தொழில். கூடவே ஓசியில் ஒரு வேலையும் பார்ப்பாள். இரண்டாவது குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யாராவது குழம்பினால், மூத்ததன் பெயரைக் கேட்டுக்கொண்டு, மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போவாள். சாப்பிடக் கூப்பிடுவது போல இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுப் பார்ப்பாள்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குங்க. சாப்பிடக் கூப்பிட்டா ரெண்டும் ஓடி வரும். வேலைக்குக் கூப்பிட்டா, 'அவளத்தான் கூப்பிட்டீங்கன்னு நெனச்சேன்'னு ரெண்டும் உட்கார்ந்திருக்கும்" என்பாள்.

எங்கள் மகளுக்குப் பெயர் வைத்த அன்றே அடுத்த குழந்தைக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். பெண்ணோ பையனோ, யாருக்கும் பொருந்துகிற பெயர். மஞ்சள் கரை வைத்து, ஆளுக்கொரு பெயர் போட்டு, இரண்டு போர்வை தைத்தாள். ஒன்றை மகள் கந்தலாகும்வரை இழுத்துக்கொண்டு திரிந்தாள். மற்றது பீரோவின் மேல்தட்டில் கிடந்தது. மகளுக்கு ஆறு வயதாகியும் அதற்கு ஆள் வரவில்லை.

மாடியில் இருக்கும் என் தம்பிக்குக் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வராததுமாகத் தம்பி மனைவி சொன்னாள்: "அக்கா, உங்க பொண்ணு பேரோட சேர்த்துக் கூப்பிட்டா நல்லா இருக்கணும்னு தேடித் தேடி வெச்சோம்." பெயரைச் சொன்னாள். அதே பெயர்.

பாவம், அவளுக்கு என்ன தெரியும்? விஷயம் எங்கள் இருவருக்கும் பீரோவுக்கும்தான் தெரியும். என் மனைவி சிரித்து வைத்தாள். கீழே வந்ததும் வெடித்தாள்.

"ஊர்ல வேற பேரே கிடைக்கலயா? பிள்ளையும் அவளுக்கு, பேரும் அவளுக்கா?"

"அந்தப் பேரை நீ என்ன விலைக்கா வாங்கி வெச்சிருந்த?" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அன்று எனக்குச் சாப்பாடு கிடைத்ததே பெரிய விஷயம்.

ஊருக்கெல்லாம் அரை நாளில் தைத்துத் தருகிறவள், தம்பி மனைவி கேட்ட போர்வையை மாதக்கணக்கில் இழுத்தடித்தாள். நூல் வரவில்லை என்பாள், ஊசி உடைந்துவிட்டது என்பாள். மாடியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கொஞ்சினால் இங்கே மெஷின் சத்தம் கூடும். குழந்தையைப் 'பாப்பா' என்பாளே தவிர, மறந்தும் பெயர் சொல்ல மாட்டாள். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன? எனக்கும் இருந்தது. நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி கீழே வந்து குழந்தையைப் பாயில் கிடத்தினாள். எங்கள் மகள் ஸ்டூல் போட்டு ஏறி, பீரோவிலிருந்த போர்வையை இழுத்துவந்து அதன்மேல் போட்டாள்.

"சித்தி, இதுல பாப்பா பேருதான் இருக்கு!"

தம்பி மனைவி தொட்டுப் பார்த்தாள். மடிப்பெல்லாம் பழுப்பேறியிருந்தது. மகள் கையிலிருந்த கந்தலிலும் அதே மஞ்சள் கரை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வேற பேரு வெச்சுடுறோம்."

என் மனைவி எழுந்து வாசலுக்குப் போனாள். அங்கே நின்று இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள். மகள் "என்னம்மா?" என்றாள். பாயில் கிடந்தது வாசல் பக்கம் கழுத்தை வளைத்து, என் மனைவியைப் பார்த்துச் சிரித்தது.

"வேணாம். அது திரும்பிடுச்சு" என்றாள். "இனிமே அதோட பேருதான்."

பிறகு குனிந்து, குழந்தைமேலிருந்த போர்வையை எடுத்து மடித்தாள்.

"இதை மட்டும் தர மாட்டேன். உனக்குப் புதுசு தைச்சுத் தரேன்."