முப்பத்தொன்பது பல்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் நான் வேலை செய்யும் கராஜில் டிஃப்ரன்ஷியல் வேலைக்கு இரண்டு பேர் இருந்தோம். நான் ராமநாதபுரத்துக்காரன். அவர் யாழ்ப்பாணம், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பதினோரு வருடம் ஒரே வண்டிக்கு அடியில் ஆளுக்கொரு பக்கம் படுத்து வேலை பார்த்திருக்கிறோம். அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் அர்பாப் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இந்த வேலை குறைந்துவிட்டது, இருவர் விசாவும் ஒரே மாதத்தில் முடிகிறது, ஒருவருக்குத்தான் புதுப்பிப்பேன், யாருக்கு என்று பிறகு சொல்கிறேன் என்றார். முதலாளி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த வாரம் அந்தப் பிக்கப் வந்தது. சொந்தக்காரர் உள்ளூர் அரபி. வண்டியை உயர்த்தி, முப்பத்தேழு இன்ச் டயர் போட்டு வைத்திருந்தார். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் டயர் பெரிதானால் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும், மணல்மேட்டில் பாதியில் நின்றுவிடும். அதற்கு ஆக்ஸிலுக்குள் டிஃப்ரன்ஷியலில் இருக்கும் பல்சக்கரங்களை மாற்ற வேண்டும். கிரவுன் என்கிற பெரிய சக்கரத்தின் பற்களைப் பினியன் என்கிற சின்னச் சக்கரத்தின் பற்களால் வகுத்தால் வருவதுதான் கணக்கு. இந்த வண்டிக்கு வேண்டியது முப்பத்தொன்பதுக்கு எட்டு. முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி, இரண்டும் ஒரே கணக்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு சக்கரத்தையும் சேர்த்து ஓட்டும்போது முன்பக்கம் ஒரு வேகத்தில் போகப் பார்க்கும், பின்பக்கம் இன்னொரு வேகத்தில். நடுவில் மாட்டிக்கொண்ட சாமான்கள் சூடேறி உடையும்.

பெட்டியில் எழுதியிருப்பதை நாங்கள் நம்புவதில்லை. கடையில் மாற்றிப் போட்டுவிடுவார்கள். ஒரு பல்லில் சாக்பீஸால் குறி வைத்து, சுற்றிலும் எண்ணி, அந்தப் பக்கத்து டயரில் எண்ணிக்கையை எழுதிவிட வேண்டும். எனக்கு வெள்ளைச் சாக்பீஸ், அவருக்கு நீலம். டயரில் எழுதிய பிறகு அடுத்தவர் அதை எண்ணக் கூடாது. யாரும் போட்ட சட்டமில்லை. எண்ணினால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும், அவ்வளவுதான்.

எனக்குப் பின்பக்கம், அவருக்கு முன்பக்கம். நான் எண்ணி 39 என்று எழுதினேன். சக்கரங்களைப் பொருத்தி, டீக்குப் போய் வந்து, பல்லில் மஞ்சள் பசை தடவிச் சுற்றி, தடம் சரியாக விழும்வரை கழற்றி மாட்டியதில் ஒரு பகல் போனது. மூடியைப் போடும்போது கிரவுனில் ஒரு பல்லோரம் நீலம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். துடைத்துவிட்டு மூடினேன்.

மறுநாள் மதியம் அவர் சாப்பிடப் போனார். முன் டயரில் நீலத்தில் 39 என்று அழகாக எழுதியிருந்தது. மூடி மட்டும் இன்னும் போடவில்லை. நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வண்டிக்கு அடியில் போனேன். வேலைமீது அக்கறை என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அவரிடம் ஒரு தப்புக் கிடைக்காதா என்றுதான் போனேன். நாற்பத்தொன்று வந்தது. விரல் வைத்து மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்றுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே வருவதற்குள் அது போய்விட்டது, ஆனால் இருந்தது.

அர்பாப் அறை பத்தடி தூரம். அங்கே போகவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று காத்திருந்தேன்.

“அண்ணே, முன்னாடி நாப்பத்தொண்ணு இருக்கு.”

என் விரலில் இருந்த வெள்ளையைப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அடியில் போய் எண்ணிவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“நான் எண்ணேல்லைத் தம்பி.”

“பின்ன எப்புடிண்ணே முப்பத்தொம்போதுன்னு எழுதுனீங்க?”

“உம்மடதை எண்ணினனான். நேற்று நீர் தேத்தண்ணிக்குப் போகேக்க. ஏதும் பிழை இருக்குமோ எண்டு பாத்தன். ரெண்டு தரம் எண்ணினன், சரியா இருந்தது. அதே நினைப்பில வந்து இதில எழுதிப்போட்டன்.”

முந்தின நாள் துடைத்த நீலம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு பேருமே சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

“கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்னு சொல்லிருவோம்ணே. அது பொய்யும் இல்ல.”

“எண்ணேல்லையோ எண்டு கேப்பார்,” என்று எழுந்தார்.

அர்பாப் அறைக் கதவு திறந்தே இருந்தது. அரபியும் இந்தியும் கலந்து, முன்பக்கத்தை எண்ணாமலே எழுதிவிட்டதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, மறந்துவிட்டேன் என்றார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டதற்கு என்னைக் காட்டினார். அர்பாப் என்னைப் பார்த்து மெச்சுகிற மாதிரித் தலையாட்டினார். நான் எதற்காக எண்ணினேன், எங்கள் வழக்கம் என்ன என்று சொல்ல அதுதான் நேரம். நானும் தலையாட்டிவிட்டு நின்றேன். அதைவிட வெட்கக்கேடான காரியம் நான் செய்ததில்லை.

“கலாஸ்,” என்றார் அர்பாப், பேச்சு முடிந்தது என்கிற மாதிரி.

சரியான ஜோடி வந்தது. இருவருமாக வாய்விட்டு எண்ணி மாட்டினோம். வெள்ளிக்கிழமை பிக்கப் மணலுக்குப் போனது, ஒரு குறையும் வரவில்லை. மாதக் கடைசியில் அவரை விமான நிலையத்தில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் மணலுக்கு டயரில் எவ்வளவு காற்று வைப்பது என்று பேசிக்கொண்டு போனோம். என் விசா புதுப்பிக்கப்பட்டது.

இப்போது முன்பக்கமும் பின்பக்கமும் நானே எண்ணுகிறேன், நானே எழுதுகிறேன். மூடியைப் போடும் முன் பல்லோரத்தில் எங்காவது நீலம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.